முந்தைய ஆளின் எண்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு டாக்டர் நீரஜா போனில் கூப்பிட்டபோது, அன்புக்கரசி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்புக்கரசி, நீங்க கொஞ்சம் நேர்ல வர முடியுமா? போன்ல பேசற விஷயம் இல்ல."

நீரஜா மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர். அதிகம் பேசாதவர். மென்பொருளில் ஏதாவது கோளாறு என்றால் வழக்கமாக வேறு யாரையாவது விட்டுத்தான் கூப்பிடச் சொல்வார். அவரே கூப்பிட்டதும், அந்தக் குரலும், அன்புக்கரசிக்கு என்னவோ போலிருந்தது. மீதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்புக்கரசிக்கு முப்பத்தாறு வயது. சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். அம்மா கோட்டூர்புரத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். தரமணி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ சேர்ந்தபோது, வகுப்பில் எல்லோரும் சி மொழியைக் கண்டு ஓடினார்கள். அவளுக்கு அது பிடித்துப்போனது. அதில் எதையும் யாரும் நமக்காகச் செய்து வைப்பதில்லை. நினைவகத்தில் இடம் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரு குடம் தண்ணீருக்கும் வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு அந்தக் கணக்கு புதிதாகத் தெரியவில்லை.

இருபது வயதில் ஸ்ரீனிவாசராகவனின் சின்னக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். அடையாறு காந்தி நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அவர் பட்டம் எங்கே என்று கேட்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் நிரலை எழுதச் சொன்னார். படித்துப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை வந்துடும்மா" என்றார். அன்றிலிருந்து பதினாறு வருடம் அவள் வேறெங்கும் போகவில்லை. வெள்ளத்தில் குடிசை போனது, பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள், எலக்ட்ரீஷியன் பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டாள், மகள் நிலா பிறந்தாள். இத்தனைக்கும் நடுவில் அவள் மேஜை மட்டும் அதே ஜன்னல் ஓரத்தில் இருந்தது.

பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் கம்பெனியின் தொழில். ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டும் எண்ணிலிருந்து, நோயாளியின் வாட்சாப்புக்குப் போகும் ரிப்போர்ட் வரை எல்லாம் அதில் அடக்கம். ஏழு பேர் வேலை பார்த்தார்கள். இயந்திரங்களோடு பேசும் பகுதி முழுக்க அன்புக்கரசி எழுதியது. அதில் வேறு யாரும் கை வைப்பதில்லை.

நீரஜாவின் அறையில் மேஜைமேல் இரண்டு ரிப்போர்ட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"இது முப்பத்திரண்டு வயசுப் பையன். ஆபீஸ் செக்கப். இது மெஹபூப் பாஷான்னு ஒருத்தர், அறுபத்தொண்ணு. நாலு வருஷமா கிட்னி பேஷண்ட். ஒரே காலைல அடுத்தடுத்து ஓட்டின சாம்பிள். பாருங்க."

அன்புக்கரசி பார்த்தாள். சோடியம் 139. பொட்டாசியம் 4.2. கிரியாட்டினின் 0.91. யூரியா, குளோரைடு, யூரிக் அமிலம். ஆறு எண்களும் இரண்டு தாளிலும் ஒன்றே.

மெஹபூப் பாஷாவுக்கு தி.நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கடை. சூட்கேஸ்களுக்கு ஜிப்பும் சக்கரமும் மாற்றிக் கொடுப்பார். சிறுநீரகம் பழுதாகி நான்கு வருடமாயிற்று. பொட்டாசியம் ஏறக்கூடாது என்பதற்காக இளநீர், வாழைப்பழம், தக்காளி, கீரை எதுவும் தொடக்கூடாது. மகள் அஸ்மத்துன்னிசா அவருக்குச் சமைக்கும் காய்களை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பாள். அப்படி இருந்த மனிதருக்கு, மூன்று வாரத்துக்கு முன்பு போனில் வந்த ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடத் தடித்த எழுத்தில் இல்லை. எல்லாமே சரியான அளவுக்குள் இருந்தன.

அவர்கள் அதை நம்பினார்கள். அவர் வேண்டிக்கொண்டிருந்தார், வேண்டுதல் பலித்தது என்று நினைத்தார்கள். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மெஹபூப் பாஷா கடைவாசலில் நின்று நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் இளநீரைக் குடித்தார். வீட்டில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும் பொடியை நிறுத்திவிட்டார். பதினோராம் நாள் காலையில் கடையைத் திறக்கக் குனிந்தவருக்குக் கால் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 7.4. இதயம் நின்றுபோய், திரும்ப இயங்க வைத்திருந்தார்கள்.

"அவரோட பொண்ணு இன்னிக்குக் காலைல வந்துட்டுப் போனாங்க" என்றார் நீரஜா. "நாலு வருஷ ரிப்போர்ட்டையும் ஃபைல் போட்டு வெச்சிருக்காங்க. கத்தல. அழல. இது எப்படி வந்துச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்னு சொன்னாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க டாக்டர்?"

"நல்லசிவம் அந்தப் பையனோட ட்யூபையே ரெண்டு தடவை ஓட்டியிருக்கார். வேற எப்படி நடக்கும்? சாம்பிளை மூணு நாள்தான் வெப்போம். மிஷின் மெமரியும் ஒரு வாரம்தான். இப்ப பாக்க எதுவும் இல்ல. உங்க சிஸ்டத்துல அன்னிக்கு யார் லாகின்ல இருந்தாங்கன்னு மட்டும் எடுத்துக் கொடுங்க. நான் மேலிடத்துக்கு எழுதணும்."

நல்லசிவம் இருபத்திரண்டு வருடமாக அங்கே டெக்னீஷியன். அன்புக்கரசி முதன்முதலில் அந்தக் கூடத்துக்கு வந்தபோது இயந்திரத்தைத் திறந்து காட்டி, எது எங்கே போகிறது என்று பொறுமையாகச் சொன்னவர். அறையை விட்டு அவள் வெளியே வந்தபோது, அவர் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார்.

"ஒரு வாரம் வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க மேடம்."

"அண்ணா, அன்னிக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"நூத்தி அம்பது ட்யூப்பு. எதுன்னு ஞாபகம் வெக்கிறது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு மேடம். ஒரே ரத்தத்த ரெண்டு வாட்டி ஓட்டினாலும் கடைசிப் புள்ளி கொஞ்சம் ஆடும். 4.2 இருந்தா 4.3 ஆவும், 139 இருந்தா 140 ஆவும். ஆறும் அப்படியே வராது. இது காப்பி அடிச்ச மாதிரி கீது. டாக்டரம்மா கோவத்துல கீறாங்க, நான் சொன்னா சாக்குன்னு நினைப்பாங்க."

அன்புக்கரசி பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வாக்கியம் அவளோடேயே வந்தது. காப்பி அடிச்ச மாதிரி. இயந்திரம் காப்பி அடிக்காது. எண்களை அங்கே யாரும் கையால் தட்டுவதில்லை. காப்பி அடிப்பது நிரல்.

மறுநாள் அலுவலகத்தில் முதல் ஆளாக வந்து, ஆறு வருடத்துக்கு முன்பு தான் எழுதிய பகுதியைத் திறந்தாள்.

இயந்திரம் செய்த கம்பெனி, இயந்திரத்தோடு ஒரு சின்ன நிரலையும் கொடுத்திருந்தது. சாம்பிளின் எண்ணைச் சொன்னால், அந்த ரத்தத்தின் முடிவுகளை ஒரே வரியில் திரையில் எழுதிவிட்டு அது முடிந்துபோகும். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்கள் யாருக்கும் காட்டுவதில்லை. ஆகவே அன்புக்கரசியின் சி நிரல், அந்த நிரலைத் தானே ஓடவிட்டு, அது திரைக்கு எழுதுவதைத் திரைக்குப் போகாமல் ஒரு குழாய் வழியாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சி மொழியில் அதற்கு பீ-ஓபன் என்று ஒரு கட்டளை உண்டு. இழுத்த வரியை நினைவகத்தில் ஒரு பெட்டியில் வைக்கும். பெட்டியிலிருந்து எண்களைப் பிரித்து நோயாளியின் பெயரில் சேர்க்கும். பிறகு அடுத்த சாம்பிள், அதே பெட்டி.

முடிவு இன்னும் தயாராகவில்லை என்றால், அந்தச் சின்ன நிரல் 'முடிவு இல்லை' என்று ஒரு வரி எழுதும். அன்புக்கரசி அதைக் கவனித்து, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கும்படி எழுதியிருந்தாள். ஐந்து வருடம் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது.

பதினான்கு மாதத்துக்கு முன்பு இயந்திரக் கம்பெனி புதுப் பதிப்பு அனுப்பியது. கூட வந்த தாளை அவள் இப்போதுதான் கடைசிப் பக்கம் வரை படித்தாள். புதுப் பதிப்பில், முடிவு தயாராகாவிட்டால் வழக்கமான வழியில் எதுவும் எழுதாது. பிழைச் செய்திகளுக்கென்று இருக்கும் தனி வழியில் எழுதும். முடியும்போது 'தோற்றேன்' என்பதற்கான ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும்.

அவள் போட்ட குழாயில் அந்தத் தனி வழி சேரவில்லை. திருப்பிக் கொடுக்கும் எண்ணை அவள் வாங்கவே இல்லை. வரியைப் படிக்கச் சொன்னவள், வரி வந்ததா என்று கேட்கவில்லை. வரி வராவிட்டால் பெட்டி காலியாவதில்லை. முன்பு என்ன இருந்ததோ அது அப்படியே இருக்கும். முந்தைய ஆளின் எண்கள்.

இருந்தாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று, இயந்திரக் கம்பெனியின் நிரலைப் போலவே ஒரு போலி நிரலைப் பத்து வரியில் எழுதினாள். 101 என்று கேட்டால் ஒரு வரி எழுதும். 102 என்று கேட்டால் ஒன்றும் எழுதாமல் செத்துப்போகும். அதன்மேல் தன் பழைய நிரலை ஓடவிட்டாள்.

101: சோடியம் 139, பொட்டாசியம் 4.2.

102: சோடியம் 139, பொட்டாசியம் 4.2.

மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள்.

திருத்த வேண்டியது ஐந்து வரி. ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் துடை. வரி வந்ததா பார். திருப்பிக் கொடுத்த எண்ணைப் பார். பிழை வழியையும் குழாயில் சேர். வரவில்லை என்றால் ரிப்போர்ட் போகாமல் நிறுத்து. பத்து மணிக்குள் எழுதி முடித்துவிட்டாள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்த விஷயம்.

ஸ்ரீனிவாசராகவன் பத்தரைக்கு வந்தார். அறுபத்தைந்து வயது, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. அவள் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா, முகமே சரியில்லையே. ஆத்துல ஏதாவது உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"இன்னிக்கே அனுப்பிடு. எல்லா லேபுக்கும். வழக்கமா போற அப்டேட்டுன்னு போட்டுடு."

"டாக்டர் நீரஜாகிட்ட சொல்லணும் சார்."

"என்னன்னு சொல்லுவ? மிஷின்காரன் சொல்லாம கொள்ளாம வெர்ஷனை மாத்தினான். தப்பு அவன் பேர்ல."

"சொல்லியிருக்கான் சார். கடைசிப் பக்கத்துல. வரி வந்துச்சான்னு நான் பாத்திருக்கணும்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "நான் கெட்டவன்னு நெனச்சுக்காதே. இந்த ஒரு லேப் இல்ல, பத்து லேப் நம்மள நம்பிண்டிருக்கு. ஒருத்தனுக்குத் தெரிஞ்சா பத்து பேரும் போயிடுவா. ஏழு பேர் ஆத்துல நாளைக்கு என்ன பண்ணுவா? அந்த மனுஷர் பொழைச்சுண்டுட்டார்னு நீயே சொல்ற. இனிமே நடக்காது, அதையும் பண்ணியாச்சு. இதுக்கு மேல சொல்லி யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"நல்லசிவம் அண்ணா வீட்ல உக்காந்திருக்கார் சார்."

"நிரூபிக்க அவாகிட்ட ஒண்ணும் இல்லை. ஒரு வாரத்துல கூப்ட்டுப்பா."

தனக்கு முதன்முதலில் நாற்காலி கொடுத்த மனிதரின் முதுகைப் பார்த்தபடி நின்றாள். பிறகு வெளியே வந்து, திருத்திய நிரலைப் பத்துக் கூடங்களுக்கும் அனுப்பினாள். குறிப்பில் 'வழக்கமான மேம்பாடு' என்று தட்டினாள். அந்த இரண்டு சொற்களைத் தட்டியதை அவள் பின்னாளில் யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் விடாமல் சொன்னாள்.

இரவு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் போட்ட சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னா, துன்னாம குந்திகினு கீற?" என்றான் பிரபு.

சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "ஒயரிங் பண்ற எடத்துல எர்த்து குடுக்காம வுட்டா எப்படியோ அப்படி, இல்ல?"

"அதே மாதிரிதான்."

"இப்போ எர்த்து குடுத்துட்ட. அப்புறம் இன்னா?"

"ஏற்கெனவே ஷாக் அடிச்சவங்க எத்தினி பேருன்னு தெரியலியே."

அவன் டிவியின் ஒலியைக் குறைத்தான்.

வியாழக்கிழமை காலையில் அவள் நல்லசிவத்துக்குப் போன் செய்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும் என்று நினைத்தாள்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன் மேடம்" என்றார் அவர். குரல் தளர்ந்திருந்தது. "அன்னிக்கு எனக்குக் கண்ணு எரிச்சலா இருந்துது. சொட்டு மருந்து போட்டுக்கினு போனேன். ஒருவேளை ட்யூபை மாத்தி வெச்சிட்டனோ என்னவோ. நான்தான் பண்ணியிருப்பேன். வேற யாரு?"

"அண்ணா, கடைசிப் புள்ளி ஆடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சும்மா மனசு தப்பிக்கப் பாக்குறது மேடம். இருபத்திரண்டு வருசம். ஒருத்தர் உசுரு போற அளவுக்குப் பண்ணிட்டேன். நேத்து என் சம்சாரம் கேக்குறா, அந்தப் பாய் வீட்டுக்குப் போய்க் கால்ல வுழலாமான்னு."

அன்புக்கரசி போனைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்தாள். பையை எடுத்தாள். ஸ்ரீனிவாசராகவன் அறையில் இருந்தார். அவளுக்கு உள்ளே போகத் தோன்றவில்லை. மாடிப்படி இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து மயிலாப்பூருக்குப் போனாள்.

நீரஜா யாரோ ஒரு மருத்துவப் பிரதிநிதியோடு பேசிக்கொண்டிருந்தார். அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆளை அனுப்பிவிட்டார்.

"நல்லசிவம் அண்ணா எதுவும் பண்ணல டாக்டர். என் ப்ரோகிராம்தான். நான் எழுதினது."

நின்றபடியே சொன்னாள். ஒரு தாளை எடுத்துப் பெட்டியை வரைந்து காட்டினாள். நீரஜா முதலில் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். புரிந்ததும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"எவ்வளவு நாளா?"

"பதினாலு மாசம்."

"எத்தனை பேர்?"

"தெரியாது. உங்க டேட்டாவுல தேடினாத்தான் தெரியும். அடுத்தடுத்து வந்த ரெண்டு ரிப்போர்ட்ல ஆறு நம்பரும் ஒண்ணா இருக்கறது எல்லாம்."

"உங்க முதலாளிக்குத் தெரியுமா நீங்க இங்க வந்தது?"

"தெரியாது."

நீரஜா தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "உக்காருங்க. தேடுங்க."

தேட ஆறு நிமிடம் ஆனது. இருபத்து மூன்று பேர். மெஹபூப் பாஷா அதில் பதினெட்டாவது.

அன்றைக்கு மதியமே நீரஜா நல்லசிவத்தைப் போனில் கூப்பிட்டார். என்ன பேசினார் என்று அன்புக்கரசிக்குத் தெரியாது. கதவை மூடிக்கொண்டு பேசினார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

வெள்ளியும் சனியும் மற்ற பேர்களைக் கூப்பிட்டார்கள். நீரஜாதான் பேசினார். அன்புக்கரசி எதிரில் உட்கார்ந்து பட்டியலில் குறித்துக்கொண்டாள். அவள் இருக்க வேண்டியதில்லை என்று நீரஜா சொன்னார், இருந்தாள். பெரும்பாலானவர்கள் ஆரோக்கியமானவர்கள். அவர்களுக்கு வந்ததும் ஆரோக்கியமான வேறொருவரின் எண்கள். இலவசமாக மறுபடி ரத்தம் எடுத்துக்கொள்ள வரச் சொன்னதும் சரி என்றார்கள். வடபழனியிலிருந்து ஒருவர் அரைமணி நேரம் திட்டினார். ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று பயமுறுத்தும் எண்கள் போயிருந்தன. அவள் இரண்டு வாரம் தூங்காமல், வேறு இடத்தில் சோதித்த பிறகு நிம்மதியானதாகச் சொன்னாள். இரண்டு பேரின் போன் எண்கள் உபயோகத்தில் இல்லை.

ஏழாவது பெயர் ஜானகி, வயது எழுபத்தொன்று, ராஜா அண்ணாமலைபுரம். போனை எடுத்தவர் மகன். அம்மா தவறிப்போய் எட்டு மாதமாகிறது என்றார். ரிப்போர்ட் போய் ஐந்து வாரத்தில். தூக்கத்திலேயே போய்விட்டதாக டாக்டர் சொன்னாராம், வயசாயிற்று என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். "எதுக்குக் கேக்கறீங்க?" என்றார்.

நீரஜா விளக்கினார். மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

அன்புக்கரசி அந்தப் பெயருக்கு எதிரில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஸ்ரீனிவாசராகவன் அவளைக் கூப்பிட்டார். கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒப்பந்தம் ரத்து.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் நீ."

"சொன்னேன் சார். புதன்கிழமை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினாறு வருடத்தில் அவர் அவள்மேல் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. அன்றைக்கும் கோபப்படவில்லை. அவர் வைதிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

விஷயம் மற்றக் கூடங்களுக்கும் போனது, அவர்களும் தங்கள் பதிவுகளைத் தேடினார்கள். ஒரு மாதத்துக்குள் நான்கு கூடங்கள் விலகின. மீதி இருந்தவர்கள் வக்கீலை வைத்துப் பேசினார்கள். ஸ்ரீனிவாசராகவன் எல்லோரையும் உட்கார வைத்து, மூன்று மாதத்தில் மூடப்போவதாகச் சொன்னார். அன்புக்கரசியின் பெயரைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. பக்கத்து மேஜை அனிருத் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. அவனுக்கு அந்த மாதம்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

நல்லசிவத்தைக் கூடத்தில் மறுபடி வேலைக்கு அழைத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அவர் போகவில்லை. கொட்டிவாக்கத்தில் ஒரு சின்னக் கூடத்தில் சேர்ந்துகொண்டார். "அந்த மிஷின் எதிர்ல இனிமே நிக்க முடியாது மேடம்" என்றார்.

மெஹபூப் பாஷா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அன்புக்கரசி அவர் வீட்டுக்குப் போனாள். நீரஜா வேண்டாம் என்றார், கம்பெனியின் வக்கீலும் வேண்டாம் என்றார். கோடம்பாக்கம் பாலத்துக்கு அந்தப் பக்கம், முதல் மாடியில் இரண்டு அறை வீடு. அவர் கட்டிலில் படுத்திருந்தார். இனி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவள் யார் என்று சொன்னதும், "உக்காரும்மா" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா, பேச விருப்பமில்லையா என்று தெரியவில்லை.

அஸ்மத்துன்னிசா அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். அன்புக்கரசியின் வயதுதான் இருக்கும்.

"நீங்களே வந்து சொன்னீங்கன்னு டாக்டர் சொன்னாங்க. மறைச்சிருக்கலாம், மறைக்கல. அதுக்கு நன்றி சொல்லணும்னு எங்க மாமா சொல்றாரு. எனக்கு வாய் வரலங்க."

"நன்றி கேட்டு வரலைங்க."

"தப்பான ரிப்போர்ட்டு எல்லா எடத்துலயும் வரும். கெட்டதா ஒண்ணு வந்திருந்தா பயந்து ஓடியிருப்போம், டாக்டர் பாத்திருப்பார், தப்புன்னு சொல்லியிருப்பார். நீங்க நல்லதா அனுப்பினீங்க. பதினோரு நாள் நாங்க எவ்ளோ சந்தோஷமா இருந்தோம் தெரியுமா? எங்கப்பாவுக்கு நானே என் கையால வாழைப்பழம் உரிச்சுக் குடுத்தேன். ரெண்டாவது வேணுமான்னு கேட்டேன்." அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். "அதை எப்படிங்க மறக்கறது?"

அன்புக்கரசி மன்னிப்பு என்ற சொல்லை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அதைச் சொன்னாள். அஸ்மத்துன்னிசா கேட்டுக்கொண்டாள், ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. கீழே வரை வந்து வழிகாட்டிவிட்டுத் திரும்பினாள்.

வேலை தேடியபோது, பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொன்னால் போதும், அது பொய்யுமல்ல. அவள் முழுவதையும் சொன்னாள். இரண்டு இடத்தில் பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். மூன்றாவது, ஆதம்பாக்கத்தில் ஒரு கம்பெனி. அங்கே கேட்டுக்கொண்டிருந்த பெண், மற்றவர்கள் எழுதுவதைச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்றாள். இப்போது அன்புக்கரசி அங்கேதான் இருக்கிறாள். அவளிடம் போன நிரல் சீக்கிரம் திரும்பாது என்று அங்கே ஒரு முணுமுணுப்பு உண்டு. வெளியிலிருந்து எதையாவது வாங்கும் ஒவ்வொரு வரியிலும், வராவிட்டால் என்ன செய்வாய் என்று எழுதி அனுப்புவாள். வேகமாக எழுதிப் பேர் வாங்கியவள்தான் அவளும்.

போன மாதம் ஒரு மதியம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"என் பேர் சுப்புராயன். ஜானகியம்மா பையன். டாக்டரம்மாகிட்ட உங்க நம்பரைக் கேட்டு வாங்கினேன்."

அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"சண்டை போடக் கூப்பிடல" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கம்மா அதனாலதான் போனாங்களா?"

"தெரியலைங்க."

"நீங்க எழுதினதுதானே. உங்களுக்குத் தெரியாதா?"

"உங்கம்மாவோட உண்மையான எண் என்னன்னு எங்கயும் இல்லைங்க. அது பதிவாகவே இல்ல. ஒருவேளை எல்லாம் சரியாவே இருந்திருக்கலாம். இல்லாமயும் இருந்திருக்கலாம். ஆமான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல."

"யாரைக் கேட்டாத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க."

அவர் போனை வைக்கவில்லை. பின்னால் எங்கோ ஒரு பிரஷர் குக்கர் கூவி அடங்கியது. யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அன்புக்கரசியும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் படியில் உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்கு என்னங்க பிடிக்கும்?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் சொல்ல ஆரம்பித்தார்.